கவிதை நோட்டைக் கிழிக்கத்தான் வேண்டுமா?

(மலர்க் குழுவினர் கூடிப் படித்து எழுதியது)



இவ்வாண்டுத் தியானத்தின் இரண்டாம் நாள் மாலை. சிற்றாலய வாசலில் வைத்திருந்த கேள்விப் பெட்டியைத் திறந்தபோது வழக்கமான சீட்டுகளே மிகுதியாக இருந்தன. தேர்வுப் பயம், ஜெபத்தில் பராக்கு, தோழியோடு மனத்தாங்கல், பாவசங்கீர்த்தனத்தில் எதை எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அவற்றின் நடுவே பெயர் எழுதாத ஒரு சீட்டு: "படிப்பு முடிந்ததும் மடத்தில் சேர விரும்புகிறேன். நான் கவிதை எழுதுவேன். ஒரு நோட்டு நிறைய இருக்கிறது. என்னைக் கடவுளுக்குக் கொடுக்க வேண்டுமானால் அந்த நோட்டைக் கிழித்துப் போட வேண்டுமா?"

தியானம் கொடுக்க வந்திருந்த ஃபாதர் அதை இரண்டு முறை வாசித்தார். உடனே விடை சொல்லவில்லை. "இதே கேள்வி 1868-ல் ஓர் இளைஞருக்கும் வந்தது. அவர் கிழிக்கவில்லை, எரித்தார். அவர் பெயர் ஹாப்கின்ஸ். செய்தது சரியா தவறா என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்றார். சொல்லும்போது அவர் பார்வை முன்வரிசையில் இருந்த எங்கள் மேல் விழுந்தது. மலர்க் குழுவில் இருப்பதன் பலன்!

அன்று தொடங்கிப் புதன்தோறும் நூலக நேரத்தில் எங்கள் ஆங்கில ஆசிரியையின் துணையோடு ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் என்ற சேசு சபைக் குருவின் வாழ்வையும் கடிதங்களையும் கவிதைகளையும் படித்தோம். கவிதைகள் கடினமானவை. ஒரு வரியைப் புரிந்துகொள்ள ஒரு பாடவேளை போனதுண்டு. ஆனால் அந்தச் சீட்டை எழுதியவளுக்கு ஏதாவது விடை கொண்டுபோக வேண்டுமே என்ற எண்ணம் எங்களை விடவில்லை.

ஹாப்கின்ஸ் 1844-ஆம் ஆண்டு லண்டனை அடுத்த ஸ்டிராட்ஃபோர்டில் பிறந்தார். (நம் திருச்சி தூய வளனார் கல்லூரியை நாகப்பட்டினத்தில் சேசு சபையார் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தேடும்போது கண்ணில் பட்டது, சொல்லிவிட்டோம்.) ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தந்தை கப்பல் காப்பீட்டுத் தொழில் செய்தவர், தாமும் கவிதை எழுதியவர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள குடும்பம். பிள்ளைக்குப் படம் வரையும் கையும் இருந்தது, பாட்டெழுதும் நாவும் இருந்தது. பள்ளியில் கவிதைப் பரிசு பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அங்கே கத்தோலிக்கத் திருச்சபையைத் தேடும் தாகம் பிடித்தது. 1866 அக்டோபரில், பின்னாளில் கர்தினாலாகி 2019-ல் புனிதராக உயர்த்தப்பட்ட ஜான் ஹென்றி நியூமன் அவரைத் திருச்சபையில் சேர்த்தார். பெற்றோருக்கு அது பேரிடி. அவர்களுடைய கடிதங்கள் கொடுமையானவை என்று அவரே எழுதியிருக்கிறார்.

அடுத்து குருத்துவம். சேசு சபையில் சேர்வதென முடிவு செய்தார். சேர்வதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1868 மே 11-ஆம் நாள், தம் கவிதைகளைத் தீயிலிட்டார். ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளை நினைவூட்டும் பெயரைத்தான் அன்றைய நாட்குறிப்பில் அச்செயலுக்கு வைத்தார். மேலதிகாரிகள் கேட்டால் அன்றி இனிக் கவிதை எழுதுவதில்லை என்றும் தமக்குள் உறுதி செய்துகொண்டார்.

இந்த இடத்தில் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்தது. "ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடத் துணியவில்லையா? அருமையானதைக் கொடுப்பதுதானே பலி?" என்று சிலர். "ஆபிரகாமைக் கடவுள் கேட்டார். இவரை யார் கேட்டார்கள்?" என்று மற்றவர்கள். தேடிப் பார்த்தோம். யாருமே கேட்கவில்லை. சபை ஒழுங்கில் அப்படி ஒரு விதியும் இல்லை. இருந்திருந்தால் அதே சேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் 3,600-க்கும் மேற்பட்ட பாக்களில் தேம்பாவணி பாடியிருக்க முடியுமா? சதுரகராதி தொகுத்திருக்க முடியுமா? எரிப்பது என்ற முடிவு முழுக்க முழுக்க ஹாப்கின்ஸ் எடுத்த முடிவு. அவர் உள்ளத்தின் தூய்மையை நாங்கள் சந்தேகிக்கவில்லை. இருபத்துமூன்று வயதில் ஒருவர் கடவுளுக்குக் கொடுக்கத் துடிக்கும்போது, கடவுள் கேட்டதற்கு மேலும் கொடுத்துவிடுவது உண்டு. கடவுள் கேட்டது அந்த இளைஞரை. நோட்டையும் கேட்டார் என்பதற்கு எங்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆபிரகாமின் கையையும் கடைசியில் தூதர் தடுத்தார் என்பதை இரு கட்சியாரும் ஒப்புக்கொண்டோம்.

இன்னொன்று: நண்பர்களிடம் ஏற்கெனவே படிகள் இருந்ததால் இளமைக் கவிதைகள் பல பிழைத்துக்கொண்டன. நெருப்பும் நினைத்த அளவு எரிக்கவில்லை!

பிறகு ஏழு ஆண்டு மௌனம். விழாக்களுக்காகக் கேட்கப்பட்ட ஓரிரு சிறு பாடல்கள் தவிர எதுவுமில்லை. ஆனால் அந்த ஏழாண்டு நாட்குறிப்புகளைப் பார்த்தால் மனிதர் சும்மா இருக்கவில்லை என்பது தெரிகிறது. மேகம் எப்படித் திரள்கிறது, அலை எப்படி மடிகிறது, உறைபனி சாளரத்தில் என்ன கோலம் போடுகிறது, காட்டில் பூக்கும் நீல மணிப்பூவின் காம்பு எந்த வளைவில் வளைகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார். 1872-ல் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற பிரான்சிஸ்கு சபை மெய்யியலாரைப் படித்தார். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய தனித்தன்மை உண்டு, இந்தப் பூ இந்தப் பூவாகவே இருப்பது கடவுளின் படைப்புச் செயல் என்ற சிந்தனை அவரைப் பிடித்துக்கொண்டது. நம் ஊரில் நிலத்தைத் தரிசாகப் போடுவார்கள். மேலே பயிர் இல்லை, ஆனால் மண் ஊறிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டுகளும் அப்படி ஊறியவை என்றே எங்களுக்குப் பட்டது.

இனி 1875 டிசம்பர். ஜெர்மனியில் அப்போது திருச்சபைக்கு எதிரான சட்டங்கள். துறவற சபைகள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. சால்ஸ்கோட்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஐந்து பிரான்சிஸ்கு சபைக் கன்னியர் 'டாய்ச்லாந்து' என்ற நீராவிக் கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். பனிப்புயலில் வழி தவறிய கப்பல் டிசம்பர் 6-ஆம் நாள் விடியுமுன் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் மோதி நின்றது. ஒரு பகல், ஓர் இரவு, உதவி வரவில்லை. அலை மேல்தளத்தை வாரிக்கொண்டு போயிற்று. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஐந்து கன்னியரும் அதில் அடக்கம். அவர்களில் நெடிய உருவமுடைய ஒரு சகோதரி, புயலின் இரைச்சலுக்கு மேலாகக் கிறிஸ்துவை விரைந்து வரும்படி கூவி அழைத்தார் என்று பிழைத்தவர்கள் சொன்னதைப் பத்திரிகைகள் வெளியிட்டன.

ஹாப்கின்ஸ் அப்போது வேல்ஸ் நாட்டில் புனித பெய்னோ பெயரால் அமைந்த இல்லத்தில் இறையியல் மாணவர். செய்தியைப் படித்துக் கலங்கினார். அதை அதிபர் தந்தையிடம் சொன்னார். அதிபரோ, இதைப் பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவ்வளவே! கட்டளை இல்லை, கடிதம் இல்லை, கனவில் தரிசனம் இல்லை. "நீ எழுது" என்றுகூடச் சொல்லவில்லை. ஏழு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதவுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. முப்பத்தைந்து பத்திகள் கொண்ட 'டாய்ச்லாந்தின் உடைவு' என்ற கவிதை பிறந்தது. ஐந்து கன்னியரின் நினைவுக்கே அது காணிக்கை.

தேவ வழிநடத்துதல் என்றதும் நாம் பெரிதாக ஏதோ எதிர்பார்க்கிறோம். மலை அதிர வேண்டும், புதர் எரிய வேண்டும். ஹாப்கின்ஸுக்கு வந்ததோ ஒரு செய்தித்தாளும், சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியமும். இப்படிப்பட்ட வாக்கியங்கள் நம் காதிலும் எத்தனையோ விழுகின்றன. ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதேன் என்று டீச்சர் சொன்னால், "எனக்கு வராது மிஸ்" என்று நழுவிவிடுகிறோம்.

அந்தக் கவிதையின் ஓசையைப் பற்றி ஒரு சொல். ஆங்கில யாப்பில் வல்லோசையும் மெல்லோசையும் எண்ணிக்கை தவறாமல் மாறி மாறி வரவேண்டும். ஹாப்கின்ஸ் வல்லோசைகளை மட்டும் எண்ணினார். இரண்டு வல்லோசைகளுக்கு நடுவே மெல்லோசை ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். நம் பாட்டிமார் தாலாட்டுப் பாடும்போது ஓர் அடியில் குறைவாகவும் மறு அடியில் நெருக்கியும் சொற்களைப் போட்டாலும் தொட்டில் ஆடும் தாளம் மாறுவதில்லை அல்லவா? ஏறக்குறைய அதுதான். இது தாம் கண்டுபிடித்தது அல்ல, குழந்தைப் பாட்டுகளிலேயே இருப்பதுதான் என்று அவரும் சொன்னார். இந்த ஓசை மௌன ஆண்டுகளிலேயே தம் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது என்றும் எழுதியிருக்கிறார். எழுதாதே என்று தம்மையே கட்டி வைத்திருந்தவருக்குள் யார் அதை ஒலிக்க வைத்தது? ஃபாதரிடம் இதைக் கேட்டபோது சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை.

கவிதை முடிந்தது. தம் சபையே நடத்திய 'தி மந்த்' என்ற மாத இதழுக்கு அனுப்பினார். முதலில் போடுகிறோம் என்றார்கள். பிறகு தயங்கினார்கள். கடைசியில் போடவே இல்லை. 1878-ல் இன்னொரு கப்பல் விபத்தைப் பற்றி எழுதி அனுப்பினார். அதுவும் திரும்பிற்று.

இதைப் படித்த அன்று மலர்க் குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்த மலருக்கு வந்தவற்றில் இருபத்துமூன்றை நாங்களே திருப்பிக் கொடுத்திருந்தோம். "புரியவில்லை", "நீளம்", "இடமில்லை" என்ற அதே மூன்று காரணங்கள்! 'தி மந்த்' ஆசிரியரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் கெட்டவரும் அல்லர். முன்பின் கேட்டறியாத ஓசையில், சுற்றி வளைத்த சொற்றொடரில் ஒரு நீண்ட கவிதை வந்தால், வாசகர் என்ன சொல்வார்களோ என்று எந்த ஆசிரியரும் அஞ்சத்தான் செய்வார்.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதிபர் வாய்ச்சொல் வழியாகக் கடவுள் எழுதச் சொன்னார் என்றால், ஆசிரியர் மறுப்பின் வழியாக நிறுத்தச் சொன்னாரா? நாமாக இருந்தால் இரண்டில் ஒன்றைச் செய்திருப்போம். ஒன்று, "எனக்கு வரம் இல்லை" என்று பேனாவை மூடுவோம். அல்லது, "இவர்களுக்கு என்ன தெரியும்" என்று முகத்தைத் திருப்புவோம். ஹாப்கின்ஸ் இரண்டையும் செய்யவில்லை. அச்சிடாதது மறுப்புத்தான், எழுதாதே என்ற கட்டளை அல்ல என்று பிரித்துப் பார்த்தார். கவிதையை எளிமைப்படுத்தவும் இல்லை, அச்சுக்கு அலையவும் இல்லை. திரும்பி வந்த அடுத்த ஆண்டு, 1877-ல், குருப்பட்டத்துக்கு முந்திய மாதங்களில் அவர் எழுதிய பதினான்கு வரிக் கவிதைகள்தாம் இன்று உலகெங்கும் பாடநூல்களில் உள்ளவை. காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் ஒரு சிறு வல்லூறைப் பற்றியது அவற்றுள் ஒன்று. அதை நம் ஆண்டவராகிய கிறிஸ்துவுக்குக் காணிக்கையாக்கினார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் குருவானார். அதன்பின் பணியிடங்கள் மாறிக்கொண்டே இருந்தன: பள்ளி, பங்கு, மறுபடி பள்ளி. லிவர்பூலில் உதவிப் பங்குக் குருவாக இருந்தபோது, குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் வலிமையான ஒரு கொல்லர் நோயில் விழுந்தார். ஹாப்கின்ஸ் அவருக்கு நோயில் பூசுதல் கொடுத்தார், நற்கருணை கொண்டுபோனார், ஆறுதல் சொன்னார். 1880-ல் அவர் இறந்த செய்தி வந்தபோது ஒரு கவிதை எழுதினார். பங்குப் பணியில் கவிதைக்கு நேரமே இல்லை என்று குறைப்பட்டவருக்கு அந்தப் பணியே கருப்பொருள் கொடுத்தது. நோயாளியைத் தேடிப் போகாதவருக்கு அந்தக் கவிதை கிடைத்திராது.

ஸ்டோனிஹர்ஸ்ட் என்ற சேசு சபைக் கல்லூரியில் மே மாதத்தில் மாதா சுரூபத்தருகே கவிதைகளை எழுதித் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. நாம் கெபிக்கு முன் பூமாலை கட்டித் தொங்கவிடுவது போல. 1883-ல் அதற்காக எழுதியபோது, தேவதாயை நாம் சுவாசிக்கும் காற்றுக்கு ஒப்பிட்டார். எங்கும் சூழ்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அது இல்லாமல் ஒரு மூச்சும் இல்லை. அவர் கவிதைகளில் முதன்முதல் எங்களுக்குத் தடையின்றிப் புரிந்தது இதுதான் என்பதால் இதன்மேல் எங்களுக்குத் தனிப் பாசம்.

இனி, நாங்கள் தேடி வந்த இடத்துக்கு வருகிறோம். டிக்சன் என்ற ஆங்கிலிக்கன் குரு, தாமும் கவிஞர். ஹாப்கின்ஸின் கவிதைகளைப் படித்து வியந்து, இவை வெளிவராமல் போகலாகாது என்று வருந்தி எழுதினார். 1881 டிசம்பரில் ஹாப்கின்ஸ் அனுப்பிய பதிலின் கருத்து இது: நீங்கள் என் எழுத்தை மதிக்கிறீர்கள், நானும் மதிக்கிறேன் என்றால், ஆண்டவர் அதைவிட எவ்வளவோ மேலாக மதிப்பார். நான் அவர் பொறுப்பில் விட்டதை அவர் பயன்படுத்த விரும்பினால், என்னால் என்றும் கூடாத அளவு நேர்த்தியாக அவரால் செய்ய முடியும். விரும்பாவிட்டால் அதிலும் எனக்கு இழப்பில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1883 செப்டம்பரில், தம் ஆண்டுத் தியானத்தின்போது ஒரு குறிப்பு எழுதினார். தம் படைப்புகளைப் பார்த்துக்கொள்ளும்படி ஆண்டவரை மன்றாடியதாக அதில் சொல்கிறார். நாங்கள் இதைப் படித்தபோது, "அழியாமல் காப்பாற்றும்" என்று கேட்டிருப்பார் என்றே நினைத்தோம். அவர் அப்படிக் கேட்கவில்லை. அவை தொலைந்து போவதற்கும் ஒன்றுமில்லாமல் போவதற்கும் தமக்குச் சம்மதமே என்கிறார். அவற்றால் தம் ஆன்மாவுக்குத் தீங்கு வரலாகாது, ஆண்டவர் அவற்றைத் தம் சொந்தப் பொருளாக ஏற்று விருப்பம்போல் பயன்படுத்தவோ பயன்படுத்தாமல் விடவோ வேண்டும் என்பதே அவர் கேட்டது. அந்த மன்றாட்டுக் கேட்கப்பட்டது என்று நம்புவதாகவும் எழுதினார்.

1868-ல் எரித்தவரும் 1883-ல் இப்படி மன்றாடியவரும் ஒருவரே. ஆனால் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்! அன்று, கடவுளுக்கும் தமக்கும் இடையே கவிதை ஒரு தடை என்று கருதி அதை அகற்றினார். இப்போது அதை அப்படியே கடவுள் கையில் வைத்துவிட்டார். கையில் வைத்தபின் எரிப்பதும் வைத்திருப்பதும் அவர் பாடு. எங்கள் குழுவில் எரித்தது சரியே என்று வாதிட்டவர்களும் இந்தக் குறிப்பைப் படித்தபின், பின்னது பெரிய பலி என்றார்கள். எரிப்பது ஒரு நாள் வேலை. ஆண்டுக்கணக்கில் எழுதி, செதுக்கி, திருத்தி, பிறகும் "இது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும், வேண்டாமானால் விடும்" என்று நாள்தோறும் சொல்வது அப்படியல்ல.

விடுதலைப் பயண நூலில் பெட்சலேல் என்ற கைவினைஞரைப் படித்திருக்கிறோம். ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்துத் தம் ஆவியால் நிரப்புகிறார். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் வேலை செய்யும் திறமை கொடுக்கிறார். திருக்கூடாரத்துக்கு எத்தனை முழ நீளம், எத்தனை முழ அகலம், திரைக்கு என்ன நூல் என்ற அளவெல்லாம் மோசேயிடம் சொல்லப்பட்டன. பெட்சலேலைப் பார்த்து எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்! நமக்கு யாரும் முழக்கணக்குச் சொல்வதில்லை. ஹாப்கின்ஸுக்கும் சொல்லவில்லை. எந்தச் சொல்லைப் போடுவது, எதை அடிப்பது என்பதை அவரே மண்டையை உடைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஜெபித்துவிட்டோம், இனித் திருத்த வேண்டாம், வந்ததெல்லாம் ஆவியானவர் தந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்த மலருக்கு வந்த சில படைப்புகளோடும் அப்படி ஒரு குறிப்பு இணைக்கப்பட்டிருந்தது. அவர்கள் ஹாப்கின்ஸின் கையெழுத்துப் படிகளின் நிழற்படங்களைப் பார்க்க வேண்டும். எத்தனை அடித்தல், எத்தனை திருத்தம்!

நம்பிக்கை என்றால் எப்போதும் இனிமை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1884-ல் டப்ளின் நகரில் கிரேக்க மொழிப் பேராசிரியராக அனுப்பப்பட்டார். அயர்லாந்தில் ஆங்கிலேயர், குடும்பத்துக்கு வேற்று மதத்தவர். உடல் நலமில்லை. ஆண்டுதோறும் தேர்வுத்தாள்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. அரை மதிப்பெண்ணும் தவறாகப் போகலாகாது என்று தலையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு திருத்துவாராம். (ஆசிரியைகளே, உங்களை நினைத்துக்கொண்டோம்.) 1885-ஐ ஒட்டி அவர் எழுதிய சில கவிதைகள் இருட்டில் எழுதப்பட்டவை. கடவுளுக்கு அனுப்பிய கூக்குரல்கள் சேராத கடிதங்களைப் போல ஆயினவே என்று அவற்றுள் ஒன்று புலம்புகிறது. எங்களில் ஒருத்தி, "இவ்வளவு நம்பியவருக்கு இப்படியா?" என்று கேட்டாள். சங்கீதங்களிலும் இப்படித்தானே இருக்கிறது என்றார் சிஸ்டர். 1889 மார்ச்சில், இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, எரேமியாவின் முறையீட்டை எடுத்துக்கொண்டு, எல்லாம் துளிர்க்கும்போது நான் மட்டும் ஏன் மலடாய் இருக்கிறேன் என்று கடவுளிடமே வழக்காடினார். வழக்காடுவதற்கும் எதிரே ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை வேண்டும்.

அந்த இருளின் நடுவில் வந்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 1888 சனவரியில் அல்போன்ஸ் ரொட்ரிகஸ் என்ற சேசு சபைச் சகோதரர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் ஸ்பெயின் நாட்டுக் கம்பளி வியாபாரி. மனைவியும் பிள்ளைகளும் இறந்தபின் துறவியானார். போதிய படிப்பு இல்லாததால் குருவாக முடியவில்லை. மல்லோர்க்கா தீவில் ஒரு கல்லூரியின் வாயில்காப்போராக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இருந்தார். மணி அடித்தால் "இதோ வருகிறேன் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறப்பாராம். அவருடைய முதல் திருவிழாவுக்கு ஒரு கவிதை வேண்டும் என்று ஹாப்கின்ஸைக் கேட்டார்கள். எழுதினார். வெளியே போர் எதுவும் தெரியாத ஒரு வாழ்வை, கதவைத் திறந்து மூடியே கழிந்த ஆண்டுகளை, கடவுள் எப்படி வெற்றியால் நிரப்பினார் என்பது அதன் பொருள். தேர்வுத்தாள் கட்டுகளுக்கு நடுவே அமர்ந்து அதை எழுதியவர் யாரை நினைத்து எழுதினார் என்று எங்களுக்குத் தோன்றியது. புனிதரையா, தம்மையா? அதைப் படித்த மறுநாள் காலை, பள்ளி வாயிலில் ஓடி வந்து கதவைத் திறந்த ஆயாவுக்கு வணக்கம் சொல்லாமல் எங்களால் உள்ளே போக முடியவில்லை.

1889 சூன் 8-ஆம் நாள், குடற்காய்ச்சலால், நாற்பத்துநான்காம் வயதில் ஹாப்கின்ஸ் இறந்தார். அவர் கவிஞர் என்பதே சிலருக்குத்தான் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டு காலத்து நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் கடிதத்தோடு வந்த கவிதைகளையெல்லாம் ஓர் ஏட்டில் ஒட்டிப் பாதுகாத்திருந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். 'டாய்ச்லாந்து' கவிதை அவருக்குப் பிடிக்கவும் இல்லை. ஆயினும் நண்பரின் தாள்களைப் பேணி, ஒன்றிரண்டாகத் தொகுப்புகளில் சேர்த்து, காலம் கனிந்ததென்று நினைத்தபோது 1918-ல் முழு நூலாக வெளியிட்டார். அச்சிட்டது 750 படிகள். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஹாப்கின்ஸின் தாயார் அதைக் கையில் வாங்க உயிரோடு இருந்தார். அந்த 750-ம் விற்கப் பத்து ஆண்டுக்கு மேலாயிற்று. 1930-ல் வந்த இரண்டாம் பதிப்புக்குப் பின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1975 டிசம்பரில், அந்தக் கப்பல் உடைந்த நூற்றாண்டு நிறைவில், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் கவிஞர்களுக்கான பகுதியில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள்.

ஆகவே அவர் நம்பிக்கை வீண்போகவில்லை, பார்த்தீர்களா என்று இங்கே முடிக்கத்தான் முதலில் எண்ணியிருந்தோம். ஃபாதர் அதற்கு ஒப்பவில்லை. "பிரிட்ஜஸ் அந்த ஏட்டைத் தொலைத்திருந்தால்?" என்று எழுதிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தொலைந்திருந்தாலும் 1883-ல் அவர் செய்த மன்றாட்டு மன்றாட்டுத்தான். தொலைவதற்கும் அவர் சம்மதம் தெரிவித்திருந்தாரே! புகழ் வந்ததால் அவர் நம்பியது சரி என்று சொன்னால், அவர் நம்பியதையே நாம் புரிந்துகொள்ளவில்லை என்றாகும். நம்மில் யார் எழுதியது எந்தப் பெட்டியின் அடியில் கிடந்து கறையானுக்குப் போனதோ, அவளுக்கும் இதே வழிதான்.

சீட்டு எழுதிய சகோதரிக்கு நாங்கள் எழுதிய விடையைப் பெயரில்லாமலே கேள்விப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்தோம்: "கிழிக்க வேண்டாம். யாரும் கேட்கவில்லை. மடத்துக்கு வரும்போது கொண்டு வா. அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டால் கொடுத்துவிடு. எழுதச் சொன்னால் எழுது. எழுத்துப் பிழைகளை மட்டும் இப்போதே திருத்து."

ஒரு வாரம் கழித்துப் பத்தாம் வகுப்பிலிருந்து ஒருத்தி நூலக வாசலில் வந்து நின்றாள். மூலை மடங்கிய நீல அட்டை நோட்டு ஒன்று கையில். நாற்பது பக்கத்துக்கு மேல் படித்தோம். ஒன்றை மலருக்குக் கேட்டோம். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து மாதா மாலைக்குப் பூத் தொடுப்பதைப் பற்றியது. "கடைசி இரண்டு வரி அதிகம், எடுத்துவிடலாமா?" என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தாள். "இருக்கட்டும் அக்கா. வேண்டுமானால் போடுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை" என்று சொல்லி நோட்டை எங்களிடமே விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினாள். 41-ஆம் பக்கத்தில், பெயர் இல்லாமல், இரண்டு வரியும் குறையாமல் அது வந்திருக்கிறது.